கொசு ஏறாத பஸ்

“உங்க வீட்டுல கொசுக்கிட்ட வாடகை வாங்குறீங்களா?” என்று அத்தான் ஒரு தடவை என்னைக் கேட்டார்.

அத்தான், அக்காவின் கணவர். மருந்துக் கம்பெனிக்கு ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிப்பவர். வாயை மூடினால் வருமானம் நின்றுவிடும் என்பதுபோலப் பேசிக்கொண்டே இருப்பார். எனக்கு யாராவது கேள்வி கேட்டாலே நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அன்றும் ஒட்டிக்கொண்டது. அவர் தோளில் உருண்டை சாய்ந்திருந்தான். உருண்டை அக்காவின் மகன், தவழ ஆரம்பித்திருந்த குழந்தை. அவனுடைய ஒரு கண் இமை கோலிக்குண்டு போல வீங்கி மூடிக் கிடந்தது. ஒரே ஒரு கொசு பார்த்த வேலை அது. இரண்டு நாள் தங்க வந்தவர்கள் மறுநாள் காலையிலேயே கிளம்பிப் போனார்கள்.

எங்கள் வீட்டின் பின்மதிலை ஒட்டி ஒரு கால்வாய். தண்ணீர் ஓடுகிறதா படுத்திருக்கிறதா என்று சொல்ல முடியாது. சாயங்காலம் ஜன்னலைத் திறந்தால் கொசு, சாத்தினால் வீடே அடுப்பு. குழந்தையைக் கொசுவலைக்குள் போட்டால் அதை இழுத்து வாயில் வைத்துச் சப்புவான்.

அக்கா நர்ஸ். அவளுடைய பேறுகால லீவு முடியப் போகிறது. வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அத்தானின் ஊரோ பஸ்ஸில் ஒரு தூக்கம் தூங்கி எழுந்தால்தான் வரும். அக்கா குழந்தையோடு எங்கள் வீட்டில் வந்து இருந்தால் வேலை நிலைக்கும். இல்லையென்றால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட வேண்டியதுதான். அத்தான் அப்பாவிடம் போனில் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

“கொசு கடிக்காத இடம் ஒண்ணு காட்டுங்க மாமா. ஞாயித்துக்கிழமை நானே கூட்டிட்டு வரேன். சாயங்காலம் பக்கத்துலயே உக்காந்து பாப்பேன். ஒரு கடி, ஒரே ஒரு கடி, அப்பவே தூக்கிட்டுக் கிளம்பிடுவேன். வேலையாவது வெங்காயமாவது!”

எனக்கு உருண்டை வேண்டும். வீட்டுக்கு யாராவது வந்தால் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறவள் நான். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லப் பயந்தே பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டேன். ஆனால் உருண்டையிடம் நாள் முழுக்கப் பேசுவேன். அவன் என் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை கேட்பான். அப்படிக் கேட்கிறவன் எனக்கு வேறு யாரும் கிடையாது.

போனை வைத்ததும் அப்பா சட்டையைக்கூடப் போடாமல் பின்பக்கம் போனார். கையில் சுண்ணாம்புக் கட்டி. தரையில் நீளமாக ஒரு கட்டம் போட்டார்.

“பின்னாடி ஒரு ரூம் போடுறோம். சுத்தி வலை, மேல ஷீட். காத்து வரும், கொசு வராது. உருண்டை உள்ள உருளட்டும்.”

“பஸ்ஸுக்குப் பாடி கட்டுறவரு வீட்டுக்கு ரூம் கட்டப் போறாராம்” என்றாள் அம்மா.

“ரெண்டும் ஒண்ணுதான்டி. அது ஓடும், இது ஓடாது.”

அப்பா வேலை பார்ப்பது பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறையில். இன்ஜினும் சக்கரமும் மட்டும் உள்ள வெறும் சேஸிஸாக உள்ளே வரும் வண்டி, எலும்பு, தோல், கண்ணாடி எல்லாம் பெற்று பஸ்ஸாக வெளியே போகும். மிச்சம் விழுந்த சதுரக் குழாய்களை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் முதலாளி. வேலை முடிந்ததும் அப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் பட்டறையிலேயே சட்டத்தை வெல்டிங் வைத்தார்கள். அப்பா வீட்டுக்கு வரும்போது கண் சிவந்திருக்கும். வாய் மட்டும் ஓயாது. “கதவுக்கு ஸ்பிரிங் போட்டாச்சு!” என்பார் செருப்பைக் கழற்றும்போதே. எனக்கும் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் உருண்டை வலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பான்.

வெள்ளிக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. காலையில் சின்ன லாரியில் சட்டம் வந்து இறங்கியது. அப்பாவும் கூட்டாளிகளுமாக எட்டுப் பேர் அதைத் தலைக்கு மேல் தூக்கி, “ஏய் பாத்து, உன் பக்கம் ஏத்து, ஏத்துடா!” என்று கத்திக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் கொண்டுவந்து இறக்கினார்கள். நான் சமையலறை ஜன்னலில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் கட்டத்துக்குள் அது கச்சிதமாக உட்கார்ந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். வெல்டர் மாமா துண்டைச் சுழற்றி ஒரு விசில் அடித்தார்.

அம்மா டீ கொண்டு போனாள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சட்டத்தை ஒரு சுற்று பார்த்தாள்.

“ரொம்ப நல்லா இருக்கு. உள்ள எப்படிப் போறது?”

எட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சமையலறைக் கதவுக்கு நேராக வந்திருந்த பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை கம்பிகள். பஸ்ஸின் பின்பக்கம் எப்படி இருக்குமோ அப்படி. எதிர்முனையில், கால்வாயைப் பார்த்தபடி, முன்கண்ணாடிக்கு விடுகிற மாதிரி அகலமான வாய். வாசல்? வாசல் இருந்தது. இடது பக்கம், ஸ்பிரிங் எல்லாம் வைத்து அழகாக இருந்தது. இடது பக்கத்தில் ஒரு சாண் தள்ளிப் பக்கத்து வீட்டு மதில்.

அப்பா தலையைச் சொறிந்தார். “இடது பக்கம்தானே படி வைப்போம்?”

“எந்த பஸ்ஸுக்கு அண்ணே?” என்றார் வெல்டர் மாமா.

“நீதானேடா வெல்டிங் வெச்சே!”

“நீங்கதானே அண்ணே கோடு போட்டீங்க!”

இத்தனை வருஷம் பஸ் கட்டிய கைகள். வீட்டு அறை என்று வாயால் சொல்லிக்கொண்டே பஸ்ஸைக் கட்டி முடித்திருந்தன. அம்மா தட்டைத் தரையில் வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “நல்லவேளை, ஹாரன் வைக்கல” என்றாள். அதன் பிறகு எட்டுப் பேருக்கும் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு நாள்தானே இருக்கிறது!

டீ ஆறுவதற்குள் வெல்டர் மாமாவே வழி கண்டுபிடித்தார். “பஸ்ஸை ரிவர்ஸ் எடுங்க அண்ணே!”

திரும்பவும் தூக்கினார்கள். அப்படியே அரைவட்டமாகச் சுற்றி வைத்தார்கள். முன்கண்ணாடி வாய் சமையலறைக் கதவைக் கவ்வியதுபோல வந்து பொருந்தியது. குறுக்கே இருந்த ஒரு கம்பியை அறுத்தால் வீட்டிலிருந்து நேராக உள்ளே நடக்கலாம். ஸ்பிரிங் கதவு துணி காயப்போடும் பக்கம் வந்துவிட்டது. ஒரே ஒரு கோளாறு. கூரைச் சரிவு தலைகீழாகி, மழை பெய்தால் தண்ணீர் சமையலறைக்குள் வரும். வீட்டுப் பக்க மேல்சட்டத்தில் துண்டுக் குழாய்களை நிறுத்தி வைத்து அப்பா சரிவை மாற்றினார். ஷீட்டும் ஏறியது. பக்கவாட்டில் இரண்டு முக்கோண இடைவெளிகள் மிச்சம். அதற்கும் வலை வெட்டிக்கொண்டால் ஆயிற்று.

எல்லாரும் போன பிறகு நான் வெளியே வந்தேன். வலை என் வேலை. பஸ் கண்ணாடியை இறுக்கிப் பிடிக்கப் போடுகிற ரப்பர் பீடிங்கை அப்பா ஒரு பெரிய சுருளாகக் கொண்டுவந்திருந்தார். வலையைச் சட்டத்தின் காடிப் பள்ளத்துக்குள் வைத்து, மேலே பீடிங்கை அமுக்கி, கட்டைவிரலால் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். கொஞ்சம் அசந்தால் வலை சுருங்கும். விறைப்பாக இழுத்துப் பிடித்தால் கடைசியில் தட்டும்போது ‘டம்’ என்று சத்தம் வரும். ஒவ்வொரு சதுரமாக முடித்துத் தட்டினேன். டம். அடுத்தது. டம். சனிக்கிழமை மதியத்துக்குள் கட்டைவிரல் தோல் உரிந்துவிட்டது. அப்பா பின்னாலேயே ரிவிட் அடித்துக்கொண்டு வந்தார். சமையலறைப் பக்கத்து வாயில் அம்மா ஒரு வலைத் திரை மாட்டினாள்.

வேலை முடிந்ததும் அப்பா பழக்கதோஷத்தில் தண்ணீர்க் குழாயை எடுத்து, அறையின் மேல் பீய்ச்ச ஆரம்பித்தார். பட்டறையில் வண்டி முடிந்தால் அப்படித்தான் ஒழுக்குப் பார்ப்பார்களாம். உள்ளே நின்ற அம்மா தொப்பலாக நனைந்தாள்.

“வலைக்குள்ள தண்ணி வராம என்ன, பன்னீரா வரும்? நிறுத்துங்க!”

அப்பாவுக்கு அசடு வழிந்தது. “சரி, கொசுவே வந்து சொல்லட்டும்.”

வெயில் சாய்ந்ததும் மூன்று பேரும் கை கால்களை நீட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தோம். கால்வாய்ப் பக்கமிருந்து காற்று வந்தது. வீட்டுக்குள் அப்படி ஒரு காற்றை நான் அறிந்ததே இல்லை. வலைக்கு வெளியே கொசுக்கள் கூட்டம் கூடி இரைந்தன. உள்ளே ஒன்றும் இல்லை. அப்பா மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தார்.

பளார்!

அம்மா அப்பாவின் முதுகில் அறைந்திருந்தாள். உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாள். நசுங்கின கொசு, ரத்தத்தோடு.

“இதுக்குன்னே காத்திருந்த மாதிரி அடிக்கிறியே” என்றார் அப்பா. சிரிப்பு போய்விட்டிருந்தது.

நான் எழுந்து பீடிங் ஓரமாக விரலை ஓட்டினேன். கீழ் வரிசை சரி. நடு வரிசை சரி. ஸ்டூலில் ஏறி மேல் முக்கோணத்துக்கு வந்தேன். கூரான மூலையில் பீடிங் மடங்காமல் பிதுங்கி நின்றது. என் விரல் வெளியே போனது.

“அப்பா, இங்க!”

நான் அவ்வளவு சத்தமாகக் கத்தி அவர்கள் கேட்டதில்லை. அம்மா டார்ச் பிடித்தாள். இரண்டு முக்கோணங்களையும் பிரித்தோம். ஓரத்தில் சீட்டு உறை தைக்கிற ரெக்ஸின் பட்டையை வைத்துத் தைத்தேன். மடிப்போடு சேர்த்து அப்பா ரிவிட் அடித்தார். மறுபடி உட்கார்ந்தோம். இந்தத் தடவை யாரும் அறை வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தார்கள். உருண்டை என்னைப் பார்த்ததும் பாய்ந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு நேராக வலை அறைக்குள் ஓடினேன். இறக்கி விட்டதும் தவழ்ந்தான், வலையில் முட்டினான், கை வைத்துத் தட்டினான். டம் என்றது. அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மறுபடி டம். அக்கா வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அத்தான் வெளியே நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“டிரைவர் எங்க மாமா? எத்தன மணிக்கு எடுப்பாங்க?”

“ஏறுறதுன்னா ஏறுங்க மாப்பிள்ளை. கதவைத் திறந்து பிடிச்சுட்டு நின்னா கொசுவும் ஏறிடும்” என்றாள் அம்மா.

அத்தான் ஏறினார். மூலைகளில் விரல் விட்டுப் பார்த்தார். “பரவாயில்லையே, கொசுவுக்கு ஸ்டாண்டிங்கூட கிடையாது போல!” சாயங்காலம் வரைக்கும் இப்படியேதான். ஆனாலும் குழந்தையின் துணிப்பையை அவர் பிரிக்க விடவில்லை. வாசல் பக்கத்திலேயே, தன் பைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். “மொதல்ல இருட்டட்டும்.”

இருட்டியது. உருண்டை என் விரலைப் பிடித்துக்கொண்டே பாயில் தூங்கிப் போனான். அதனால் நான் எழுந்து ஓட முடியவில்லை. எதிரே அத்தான் முழங்கை வரை சட்டையைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா சமையலறையில் விளக்கிய பாத்திரத்தையே விளக்கிக்கொண்டிருந்தாள். அப்பா முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

திடீரென்று அத்தான் முன்னால் சாய்ந்தார். உருண்டையின் தலைக்கு மேல், வலையில் ஒரு கொசு. பெரியது. அவர் இரண்டு கைகளையும் அகல விரித்தார். தட்டினால் குழந்தை அலறிக்கொண்டு எழுவான். அலறினால் அத்தான் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். நான் எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

அவர் அதிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கையை விடவில்லை. மறுகையால் வலையைக் காட்டினேன். அவர் முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். கொசுவின் வயிறு எங்கள் பக்கம் தெரிந்தது. அது நின்றது வெளியே. மூக்கை வலைக்குள் நுழைத்துப் பார்த்தது, நகர்ந்து இன்னோர் இடத்தில் நுழைத்துப் பார்த்தது, பிறகு பறந்து போனது.

அத்தான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் உதட்டில் விரலை வைத்தேன். அவர் மூடிக்கொண்டார்.

வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். காற்று வந்துகொண்டே இருந்தது. அவர் செல்போன் வெளிச்சத்தைக் கையால் மறைத்துக்கொண்டு குழந்தையின் இமைகளைப் பார்த்தார். கை, கால், காதுக்குப் பின்புறம், ஒவ்வொரு விரலிடுக்கு. ஒரு சிவப்புப் புள்ளி இல்லை.

ஊருக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அத்தான் எழுந்தார். குனிந்து மகனின் பாதத்தில் இரண்டு விரலை வைத்து எடுத்தார். பாயிலிருந்து பார்த்தால் சமையலறை வழியாகத் தெருவாசல் வரை ஒரே நேராகத் தெரியும். அவர் வாசலுக்குப் போய்த் தன் பையைத் தோளில் மாட்டினார். குழந்தையின் பையை எடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குத் திரும்பி வந்து, அக்காவின் ஈரக் கையில் வைத்தார். அக்கா அவரையே பார்த்தாள். “மாப்பிள்ளை…” என்று அப்பா ஆரம்பித்தார். அத்தான் வலை அறைப் பக்கம் கையைக் காட்டினார், உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு படியிறங்கி, ஒரு வார்த்தை பேசாமல் போனார்.