தட்டுக்கு அடியில் கஞ்சி

1

"ஏட்டி, உங்க அப்பன் எவன் வீட்டுப் பழைய மெஷினுக்குப் பெயிண்ட் அடிச்சுச் சீரா அனுப்புனான்? இந்த நாத்தம் நாறுது! நீயும் அதுவும் மடவார் வளாகத்துக்கே போங்க!"

"எங்க அப்பாவச் சொல்லாதீக அத்தை. அட்டைப் பெட்டியப் பிரிச்சதே நீங்கதான்!"

ராஜபாளையம், 1993. கத்துவது தங்கபாய். பதில் பேசுவது மருமகள் அழகுத்தாய்; பிறந்த வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம். கல்யாணமாகி ஐந்து மாதம். இடைச்சுவருக்கு இந்தப்பக்கம் கீரை ஆய்கிற பாவனையில் நான். இந்தக் கதை கிடைத்தது அப்படித்தான். இதில் என்னையும் சேர்ப்பதா வேண்டாமா என்று மூன்று தடவை எழுதி அடித்தாயிற்று. அலுப்பாக இருக்கிறது.

2

(கைவிட்ட ஆரம்பம்: "அந்தச் சலவை இயந்திரம் ஒரு குடும்பத்தின்—" போதும்.)

மெஷின், டி.வி.க்குப் பக்கத்தில் பூப்போட்ட உறையோடு நிற்கும். வெளியே தினமும் துடைப்பார்கள். உள்ளே ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை.

3

ரிப்பேருக்கு வந்த சேக் முகைதீன், தொட்டியின் அடியில் சுற்றுகிற தட்டைக் கழற்றினார். கீழே மூன்று விரல் கனத்துக்குப் புளித்த கஞ்சி.

"மெஷின் புதுசுதாம்மா. இதுல கஞ்சி ஊத்துனது யாரு?"

கொடியில் அழகுத்தாயின் புருஷன் தவசிமுத்துவின் வேட்டிகள் அட்டை மாதிரி விறைத்து நின்றன. அவன் வேட்டியை அம்மாவைத் தவிர யாரும் தொடக்கூடாது.

"இவதான் ஊத்தியிருப்பா," என்றாள் அந்த அம்மா.

(பக்கத்து வீட்டுக்காரி என்கிற பாத்திரத்தை இந்த இடத்தில் எனக்கே பிடிக்கவில்லை. "கையால முக்கிப் பிழிஞ்சு ஏன் சாவுதீக மதினி? மெஷின்லயே கஞ்சிய ஊத்துங்க" என்று தங்கபாய்க்கு யோசனை சொன்னவள் அவள். அதாவது நான். அன்றைக்குச் சுவருக்கு மேலே எட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.)

அழகுத்தாய் சேலையை இழுத்துச் செருகினாள். கஞ்சியை வழித்தெடுத்தாள். சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்தாள்.

"இப்ப மோந்து பாருங்க அத்தை. மெஷின் இங்கயே இருக்கட்டும். நான் போறேன்."

4

முடிவு ஒன்று: நான் உண்மையைச் சொல்கிறேன், அவள் பஸ் ஏறவில்லை. எழுதிப் பார்த்தேன். என்னை எனக்குத் தெரியும்; நம்பமுடியவில்லை.

முடிவு இரண்டு: தங்கபாய் எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டு—

நடந்தது இது. அழகுத்தாய் பஸ் ஏறிவிட்டாள். ஆவணியில் தவசிமுத்தும் அவள் பின்னால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே குடிபோனான். தங்கபாயின் சின்ன மகன் சமுத்திரத்துக்குச் சுந்தரபாண்டியத்தில் பெண் எடுத்தார்கள்; சீரில் மெஷின் வேண்டாம் என்று தங்கபாயே சொல்லிவிட்டாள். நான் மகளோடு கோயம்புத்தூர் போகிற அன்று தங்கபாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சம்முவத்தாயி, நான் ஊத்துனத அவ பாத்திருக்கா. ஏன் என்னையக் காட்டிக்குடுக்கல?"

நான் ஏதோ சொன்னேன். அதை இங்கே எழுதப்போவதில்லை. நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்களோ, அதைப் போட்டு முடித்துக்கொள்ளுங்கள்.