முழங்கை உப்பு

பயிருக்கு மருந்து தெளித்த ஏழாம் நாள் காலையில், நாக்குக்காரர் உடம்பெல்லாம் உப்புப் பூத்து எழுந்தார். புருவத்தில் பொடியாக, முழங்கையில் கட்டியாக. அவர் மனைவி தலையணையை உதறினாள். இரண்டு கைப்பிடி விழுந்தது. அவள் கையைச் சேலையில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

அவர்களுடையது உவர் நிலம். மூன்று வருஷம் போட்ட நெல் நுனி கருகிச் செத்தது. இந்தத் தடவையும் போனால் நிலத்தை விட்டுவிட்டுப் போய்விடுவது என்று இருவரும் பேசி முடித்திருந்தார்கள். அப்போதுதான் விவசாய ஆபீசர் ஒரு வளர்ச்சி ஊக்கியைக் கொண்டுவந்தார். விதையை அதில் ஊறவைக்க வேண்டும், வளர்ந்த பிறகு இலையில் தெளிக்க வேண்டும். இது உரம் போலத் தீனி அல்ல, உப்பைச் சமாளிக்கப் பயிருக்குச் சொல்லும் சேதி என்றார். கையுறை போடச் சொன்னார். நாக்குக்காரரோ மண்ணையும் வாய்க்கால் தண்ணீரையும் நக்கிப் பார்த்தே அந்தப் பெயரை வாங்கியவர். ஒவ்வொரு முறை கலக்கும்போதும் விரலை முக்கி வாயில் வைத்தார்.

"கருமம், துப்பித் தொலைங்க."

"நாக்குல வைக்காம எனக்கு அளவு பிடிபடாதுடி."

சேதி பயிருக்கும் அவருக்கும் போய்ச் சேர்ந்தது. பயிர் உப்பை வேண்டாமென்று தள்ளியது; தள்ளியதெல்லாம் அவர் தோலில் வந்து உட்கார்ந்தது. வயல் கரும்பச்சையாக நின்றது. அவள் தினமும் மழுங்கின கத்தியால் அவரைச் சுரண்டிவிட்டு, மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினாள். தட்டைத் தனியாக வைத்தாள், பாயைத் தனியாக விரித்தாள். பக்கத்து வீட்டுக்காரி கூச்சமே இல்லாமல் கிண்ணத்தோடு வந்து, காதோர உப்புதான் கருவாட்டுக்கு நல்லது என்று வாங்கிப் போனாள். ஆபீசர் பயிரை அளந்தார், படம் எடுத்தார், நாக்குக்காரர் இருந்த பக்கம் திரும்பாமலே பக்கவிளைவு எதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். அவர் போன திசையில் அவள் காறித் துப்பினாள்.

அறுவடையில் வீடு நிறைந்தது. முதல் உலையிலேயே விஷயம் தெரிந்துவிட்டது: அந்த அரிசியில் உப்பு ஏறவில்லை. எவ்வளவு போட்டாலும் பானையின் அடியில் அப்படியே கிடந்தது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே; இதை யார் வாங்குவார்கள், நிலம் போனது போனதுதான் என்று அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். அவர் மட்டும் தூரத்தில் தன் தட்டை வைத்துக்கொண்டு அந்தச் சப்பைச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தார். அதைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. கத்தியோடு எழுந்து போனாள்.

"கையை நீட்டுங்க."

கண்ணை மூடிக்கொண்டு முழங்கையைச் சுரண்டிப் பானையில் போட்டுக் கிளறினாள். அது ஏறியது. அவர் பக்கத்திலேயே தட்டை வைத்து உட்கார்ந்து, ஒரு வாய் தின்று, "சீ!" என்றாள். பிறகு இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள்.

இப்போது அந்த வீட்டு அரிசி மூட்டைக்கு ஒரு பொட்டலத்தோடுதான் போகிறது. கட்டுவது அவள்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டே கட்டுகிறாள்.