வலிக்கிறவர்கள் முதலில்

1.

இந்தக் கதை என்னுடையது இல்லை. ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு நர்ஸ் சொன்னது. முதல் பாதியை அவர் சொல்லச் சொல்ல விழுந்து விழுந்து சிரித்தேன். இரண்டாம் பாதியைக் கேட்டபோது எங்கே பார்ப்பதென்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். ஒரு தெருவே நோயாளியாக நடித்த கதை கிடைத்தால் எழுதுகிறவன் கை சும்மா இருக்குமா?

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"அந்தத் தெருவில் ஒரே நாளில் எல்லோருக்கும் வலி வந்தது."

நல்ல வரிதான். படித்ததும் சிரிப்பு வரும். அதுதான் அதன் கோளாறு. சிரிக்கவைத்துக் கூட்டிக்கொண்டு போய் நடுவழியில் விடுவது எனக்குப் பிடிக்காது. அடுத்தது:

"அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தன் காலைப் பார்த்தார். காலும் அவரை—"

கால் எங்கேயாவது பார்க்குமா? கவிதை எழுதும் ஆசை தலைகாட்டியது, அடக்கிவிட்டேன். மூன்றாவது இது:

"ஆரம்பச் சுகாதார நிலையங்களைப் பயன்பாட்டின் அடிப்படையில் ஒருங்கிணைப்பது குறித்த கொள்கையானது—"

இதற்கு என் பேனாவே கொட்டாவி விட்டது. ஆனால் கதை உண்மையில் தொடங்குவது இந்தப் பாழாய்ப்போன வாக்கியத்தில்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2.

தெருக்கோடியில் ஒரு கிளினிக். இரண்டே அறைகள். உள்ளே ஒரு கட்டில், ஒரு ஸ்டீல் அலமாரி, முள் நடுங்கும் எடை மெஷின். வெளியே சுவரையொட்டி நீளமாக ஒரு பெஞ்ச். டாக்டர் வாரத்தில் ஒருநாள் வந்து போவார். மற்ற நாட்களில் எல்லாமே சிஸ்டர்தான். (ரயிலில் வந்தவர் அவர்தான். ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எனக்கும் சிஸ்டர்தான்.)

அங்கே டோக்கன் கிடையாது. ஆனால் பெஞ்சுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. வந்து உட்கார்ந்தவர்கள் ஒருவரையொருவர் விசாரித்து, யாருக்கு அதிகமாக வலிக்கிறதோ அவரை முதலில் உள்ளே அனுப்புவார்கள். யாரும் எழுதிவைக்காத சட்டம், யாரும் மீறாத சட்டம். சிஸ்டருக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஒருநாள் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அவரை வில்லனாக்க நான் எவ்வளவோ முயன்றேன். தடித்த கண்ணாடி போட்டுவிட்டேன், தொண்டையைக் கனைக்கவைத்தேன். எதுவும் ஒட்டவில்லை. நல்ல மனிதர், குடித்த டம்ளரை அவரே கழுவி வைக்கிறவர்.

"இங்க வர்றவங்க ரொம்பக் குறைவும்மா. ஒரு மாசம் உக்காந்து தலை எண்ணச் சொல்லியிருக்காங்க. கூட்டம் இருந்தா கிளினிக் இருக்கும். இல்லேன்னா பெரிய ஆஸ்பத்திரியோட சேர்த்துடுவாங்க."

பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்.

"சார், நான் வீடு வீடா போய் மாத்திரை போட்டாங்களான்னு பாக்கறேன். அதனாலதான் யாருக்கும் முத்திப் போறதில்ல. முத்தாததனாலதான் கூட்டமில்ல."

அதிகாரி தன் படிவத்தைப் புரட்டினார். "சரிதாம்மா. அத எந்தக் கட்டத்துல எழுதறது?"*

* கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அப்படி ஒரு கட்டமே இல்லை.

3.

இப்போது லாண்டரிக்காரர். கதை இவருடையது.

அறுபதைத் தொட்டுவிட்டவர். தெருவுக்குள் திரும்பியதும் வரும் முதல் கடை அவருடையது. முன்னால் இஸ்திரி மேஜை, பின்னால் ஒரு திரை, திரைக்கு அந்தப் பக்கம் அவருடைய குடித்தனம். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் வேறு ஊரில், ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள்.

"சாப்டியாப்பா?"

"ஆச்சும்மா."

"கால் எப்படி இருக்கு?"

"அது பாட்டுக்கு இருக்கு."

நெடுநாளாகச் சர்க்கரை நோய். பாதத்தில் உணர்ச்சி செத்துவிட்டது. பெருவிரலுக்கு அடியில் ஒரு புண் வந்ததே அவருக்குத் தெரியாது. தரையில் ஈரத்தடம் பார்த்துத்தான் தெரிந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டுமென்று சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

கட்டு மாற்றும் நாளில் அவர் நல்ல சட்டை போட்டுக்கொள்வார். காலைத் தேய்த்துக் கழுவுவார். சிஸ்டர் பஞ்சால் துடைத்தபடி வாய் ஓயாமல் பேசுவார்: பஸ்ஸில் நடந்த சண்டை, மழை, தன் மாமியார். இவர் "உம்" கொட்டிக் கேட்பார். கடைக்கும் ஆட்கள் வருகிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். வருகிறார்கள். காலர் பற்றிப் பேசுவார்கள், கறை பற்றிப் பேசுவார்கள், சாயங்காலத்துக்குள் வேண்டுமென்பார்கள். அவ்வளவுதான். அவரைத் தொட்டுப் பேசுகிற ஒரே ஆள் சிஸ்டர். அதுவும் தொடுவது தெரியாத இடத்தில்.

[இங்கே அவருக்கு ஒரு பூனை கொடுத்திருந்தேன். பூனை வந்ததும் அவர் அதனோடு பேச ஆரம்பித்துவிட்டார், தனிமை பாதியாகிவிட்டது. அது பொய். பூனையை எடுத்துவிட்டேன்.]

4.

சிரிப்புப் பகுதி இதுதான், அனுபவித்துவிடுங்கள்.

கூட்டமில்லையென்றால் கிளினிக் மூடப்படும் என்ற செய்தி குடியிருப்போர் சங்கத்தின் செயலாளருக்கு எட்டியது. மனிதர் சும்மா இருப்பாரா? வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நாளிலிருந்தே அவருக்குச் செய்ய ஒரு காரியம் வேண்டியிருந்தது. தன் வீட்டுக் கூடத்தில் தெருக்காரர்களைக் கூட்டினார்.

"ஆளுக்கு ஒரு நாள் முறை. காய்ச்சல்னு யாரும் சொல்லாதீங்க, தெர்மாமீட்டர் காட்டிக்குடுத்துடும். பிரஷர் வேணாம், அதுக்கும் மெஷின் இருக்கு. வலின்னு சொல்லுங்க. வலியை அளக்க எவனும் இன்னும் மெஷின் கண்டுபிடிக்கல."

"எங்க வலிக்கணும்?"

"உங்க இஷ்டம். ஆனா உள்ள போறப்ப இடது கை, வர்றப்ப வலது கைன்னு மாத்திடாதீங்க."

எதையும் எழுதிவைக்கக் கூடாது, மாட்டிக்கொள்வோம், வாய்மொழியாகவே அடுத்த வீட்டுக்குச் சொல்லிவிட வேண்டும் என்றார் செயலாளர். சிஸ்டருக்கும் விஷயம் போனது. அவர் யோசித்துவிட்டு, "நீங்க எதுவும் சொல்லல, நானும் எதுவும் கேக்கல" என்றார். கிளினிக் போனால் தெருவுக்குத்தான் நஷ்டம் என்று அவர் மனதார நம்பினார். நானும் நம்புகிறேன். இந்தக் கதையில் யார் செய்ததையும் என்னால் தப்பென்று எழுத முடியவில்லை. அதுதான் தொல்லை.

5.

லாண்டரிக்காரர் கட்டு மாற்ற வந்தபோது பெஞ்சில் இடமில்லை. சுவரோரம் வேறு ஆட்கள். மூலையில் அதிகாரி, மடியில் படிவம்.

மாடிவீட்டம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"இடுப்புண்ணே. உசுரு போகுது." ஓரக்கண்ணால் அதிகாரியைப் பார்த்துக்கொண்டார். "உங்களுக்கு?"

"எனக்கு வலியெல்லாம் ஒன்னுமில்லம்மா. கட்டு மாத்தணும், அவ்வளவுதான்."

மாடிவீட்டம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். வலி என்று சொல்ல வந்த இடத்தில் வலியில்லை என்கிறாரே, பாவம், இந்த மனுஷருக்கு நடிக்கவே வரவில்லை என்று நினைத்தார். முந்தானைக்குள் தோள் குலுங்குவதைக் கண்ட லாண்டரிக்காரர், அழுகிறார் என்று நினைத்தார்.

அவர் பெஞ்சை ஒருமுறை பார்த்தார். தோள் வலி, மூட்டு வலி, கழுத்து வலி. ஒவ்வொருவரும் முனகினார்கள். பெஞ்சின் சட்டப்படி அவர்தான் கடைசி. கடையில் ஒரு கல்யாண ஆர்டர் காத்திருந்தது. "அப்புறம் வரேம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்.

அடுத்த முறையும் அப்படித்தான். அதற்கடுத்த முறையும். பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கிழித்து, சூடாக இஸ்திரி போட்டு, தானே கட்டிக்கொண்டார். இஸ்திரிச் சூட்டில் எந்தக் கிருமியும் நிற்காது என்பது அவர் கணக்கு. துணியைப் பொறுத்தவரை கணக்கு சரி. புண் உள்ளே போய்க்கொண்டிருந்தது, வலித்திருந்தால் சொல்லியிருக்கும்.

அவருடைய கவலையெல்லாம் தெருவைப் பற்றியதாக இருந்தது. இடுப்பு வலிக்கிறவரை ஏன் படி இறங்கவைக்க வேண்டும் என்று, மாடிவீட்டுத் துணியைத் தானே மேலே கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தக் காலோடு, ஒவ்வொரு படியாக.

"இப்ப தேவலையாம்மா?"

"அது எப்பவோ போச்சுண்ணே" என்று மாடிவீட்டம்மா சிரித்தார்.

வலியை வெளியே காட்டிக்கொள்ளாத பெண்மணி என்று வியந்துகொண்டே அவர் படி இறங்கினார்.

6.

இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்தினேன். அவரிடம் யாராவது ஒருவர் விஷயத்தைச் சொல்லிவிட்டால் கதை முடிந்துவிடும். கதை போனால் போகட்டும், கால் பிழைக்குமே. ஆகவே ஆள் அனுப்பினேன்.

செயலாளரை அனுப்பினேன். அவர் கடைவரை போனார், இரண்டு பேன்ட் கொடுத்தார், "மடிப்பு ஒன்னுதான் வரணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். லாண்டரிக்கு அடுத்த வீட்டுக்காரர் அவருக்குச் சொல்லியிருப்பார் என்பது செயலாளரின் எண்ணம். அடுத்த வீட்டுக்காரரை அனுப்பினேன். கடையை அவர் ஒரு வீடாகவே நினைத்ததில்லை. திரைக்குப் பின்னால் ஒருவர் தூங்கி எழுந்திருக்கிறார் என்பது அவருக்கு—

(தெரியும். தெரியாமல் இருக்குமா? நினைப்பு வரவில்லை, அவ்வளவுதான்.)

மகளைக்கூட ஒருமுறை ஞாயிறு தவிர வேறொரு நாளில் போன் செய்யவைத்தேன். "என்னம்மா, ஏதாவது ஆபத்தா?" என்று அவர் பதறிப்போனார். பேச்சு அதிலேயே முடிந்துவிட்டது.

சிஸ்டர்? அவருக்குத் தலைக்கு மேல் வேலை. இல்லாத வலிகளுக்கெல்லாம் உள்ள மாத்திரையைக் கொடுக்காமல் சமாளித்து, ஒவ்வொன்றையும் பதிந்து, நிமிர்வதற்குள் இருட்டிவிடும். அந்த மாதம் வீடுகளுக்குப் போகவும் நேரமில்லை. லாண்டரிக்காரர் வராதது ஒருநாள் உறைத்தது. மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டார். போய்வரட்டும், பாவம் தனி ஆள் என்று சந்தோஷம்கூடப் பட்டாராம். ரயிலில் இதைச் சொன்னபோது சிஸ்டர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மொழியில் பிழைப்பவன். ஒரு தெரு முழுக்க ஆட்களை வைத்துக்கொண்டு, ஒரே ஒரு வாக்கியத்தை ஒரு மனிதரின் காதில் போட என்னால் முடியவில்லை.

7.

மாதம் முடிந்தது. கிளினிக் தொடரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் அதிகாரி. செயலாளர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். மறுநாள் காலை பெஞ்சில் ஒருவருமில்லை.

லாண்டரிக்காரர் வந்தார். நல்ல சட்டை. காலி பெஞ்சைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பாடா. எல்லாருக்கும் சரியாயிடுச்சு போலிருக்கே சிஸ்டர்."

"வாங்கண்ணே, மக வீட்டுக்குப் போயிருந்தீங்களா?"

"நான் எங்க போனேன்? இங்கதான் இருந்தேன். வந்து வந்து பாத்தேன். பாவம், ஜனங்க துடிச்சிட்டிருந்தாங்க. நம்மளுது என்ன, வலியா ஒன்னா?"

கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டினார். சிஸ்டர் துணிக்கட்டைப் பிரித்தார். மடிப்புக் குலையாமல், விளிம்பு நேராகக் கட்டியிருந்தது. கடைசிச் சுற்று வரும் முன்பே வாடை வந்துவிட்டது. பெருவிரல் கறுத்திருந்தது. கறுப்பு பாதத்தில் ஏறத் தொடங்கியிருந்தது.

"பரவாயில்லாம இருக்கா?" என்றார்.

சிஸ்டர் ஒரு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக உண்மையான ஒரு நோயைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே, இது இங்க பாக்கற மாதிரி இல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்பவே போகணும். வண்டிக்குச் சொல்றேன்."

"சரி சிஸ்டர்." சொன்னபடி கேட்கிறவர். சட்டைக் கையை நீவிவிட்டுக்கொண்டார். பிறகு, அந்த ஒரு மாதமாக யாரிடமும் கேட்கக் கிடைக்காத சந்தேகத்தைக் கேட்டார்.

"அது என்ன வியாதி சிஸ்டர்? ஒரு தெருவையே புடிச்சு ஆட்டிடுச்சே. எனக்கு மட்டும் ஏன் வரல?"

8.

சிஸ்டர் அவருக்கு என்ன பதில் சொன்னார் என்று நான் கேட்டேன். "நீங்க எழுதறவர்தானே, நீங்களே சொல்லுங்க" என்றார். நான் மூன்று பதில்கள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று, உண்மை. "யாருக்கும் ஒன்னுமில்லண்ணே. கிளினிக்க காப்பாத்த எல்லாரும் சும்மா வந்து உக்காந்தாங்க." அவர் மெல்லத் தலையாட்டுகிறார். "நல்ல காரியம்தானே. சொல்லியிருந்தா நானும் வந்து உக்காந்திருப்பேனே." இதற்கு மேல் எழுத எனக்குத் தைரியமில்லை.

இரண்டு, பொய். "ஏதோ வைரஸ்ணே. உங்க உடம்புக்குத் தாங்கற சக்தி ஜாஸ்தி." பெருமையோடு வண்டி ஏறுவார். ஆனால் அவர் திரும்பி வந்த பிறகு, என்றைக்காவது ஒரு சட்டையைக் கொடுத்தபடி யாராவது அந்த மாதத்தைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார்கள். அவருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் சொல்வார்கள்.

மூன்று, ஒன்றும் சொல்லாமல் விடுவது. அதற்கு அவருக்குத் தெரு இருக்கிறது, சிஸ்டர் வேறு வேண்டியதில்லை.

போவது விரலா பாதமா என்பதைப் பெரிய ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளும். அது என் வேலை இல்லை. என் வேலை இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிப்பது, அது என்னால் ஆகவில்லை. சிஸ்டர் வண்டிக்குப் போன் செய்ய வெளியறைக்குப் போயிருக்கிறார். வண்டி வர நேரமாகும். நானும் எழுந்துகொள்கிறேன்.

உள்ளே இப்போது நீங்களும் அவரும்தான். அவர் மறுபடியும் கேட்கிறார், சிரித்தபடிதான் கேட்கிறார், உங்கள் முகத்தைப் பார்த்து. ஏதாவது சொல்லுங்கள்.