பச்சை வானத்து மாமா

"அக்கா, இன்னிக்கு மட்டும் வாயத் தொறக்காத," என்றான் தம்பி.

சாப்பிட்டுக் கழுவிய கை ஈரம் காய்வதற்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு முதலில் விளங்கவில்லை. ஞாயிறு மதியம் என்றால் அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு ஊரில் இருந்தபடி ஒரே ஆன்லைன் ஆட்டத்தில் ஓடுவார்கள், சுடுவார்கள், நடுநடுவே வீட்டுக் கதை பேசுவார்கள். பக்கத்து அறையில் அவள் புருஷனின் குறட்டை தாளம் போடும். ஐம்பதைத் தொடப்போகிற பொம்பளைக்கு இது என்ன கிறுக்கு என்று நாத்தனார் கேட்டதற்கு, "நீங்க சீரியல் பாக்குறீங்க, நான் சீரியலுக்குள்ளயே போயிடறேன்" என்று சொன்னவள் அவள். அவளைப் போய் வாயைத் திறக்காதே என்றால்?

"ஏண்டா, என் வாய் உன்னை என்ன பண்ணுச்சு?"

"அதில்லக்கா. என் டீம்ல ஒருத்தன் வரல. நீ நல்லா ஆடுவ, அதான் உன்னைச் சேர்த்தேன். ஆனா அந்த மூணு பேருக்கும் நான் யாருன்னு தெரியாது."

"யாருன்னா?"

"நம்ம ஆளுன்னு, தமிழ்னு. அவனுங்க மாதிரியே பேசி ஓட்டிட்டிருக்கேன். முன்னாடி ஒரு டீம்ல என் பேச்சைக் கேட்டதும் சிரிச்சானுங்க, அன்னிக்கே தூக்கிட்டானுங்க. இந்த டீம் போனா எனக்கு வேற ஆளே இல்லக்கா."

"சரி, ஊமையா இருந்துக்கிறேன்."

"உன் ஆளோட நிறத்தையும் கொஞ்சம்..."

"அதை மாத்த மாட்டேன். போ."

திரையில் அவளுடைய ஆள் நல்ல கறுப்பு. நிறம் தேர்ந்தெடுக்கச் சொன்ன அன்று தன் முழங்கையைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தே எடுத்தாள். அவள் வேலை அப்படி. போட்டோ ஸ்டூடியோவில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, "முகத்தைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க மேடம்" என்று கேட்டு வருகிறவர்களை வெளுத்து வெளுத்து அனுப்புகிறவள். ஞாயிற்றுக்கிழமையும் அதே பிழைப்பா? தம்பியின் ஆள் பக்கத்தில் வந்து நின்றான். வெள்ளைத் தோல், பொன்னிற முடி, நீலக் கண். இவனா நம்ம சுண்டு என்று நினைத்தாள்.

மாமா வாங்கிவந்த கேம் பெட்டியை முதல்முதலாக மாட்டிய அன்று, சுண்டு ஒன்றாம் வகுப்பு. துள்ளித் துள்ளி ஓடுகிற அந்தச் சின்ன வீரனைப் பார்த்து, "இவன் ஏங்க்கா வேகவெச்சு உரிச்ச மாதிரி இருக்கான், நம்மள மாதிரி ஒருத்தன் இல்லையா?" என்றான். பெட்டியில் வேறு ஆள் கிடையாது. அவன் உதடு பிதுங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல், டிவியின் பக்கவாட்டில் இருந்த கலர் திருகை அவள் திருகினாள். வீரன் சிவந்தான், பழுத்தான், கடைசியில் மாமாவின் மாநிறத்துக்கு வந்து நின்றான். வானம் பச்சையாகிவிட்டது, மேகம் கருகிவிட்டது. போனால் போகட்டும். "ஐ, மாமா," என்றான் சுண்டு. அன்று முதல் அந்த வீரன் பெயர் மாமா. "மாமா குழில விழுந்துட்டாரு. உனக்கு இன்னும் ரெண்டு மாமாதான் பாக்கி." செய்தி பார்க்க வந்த அம்மா, "வானம் ஏண்டி அழுகிப்போயிருக்கு?" என்று பதறி மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். அவர் திருகைத் திருப்பிவிட்டு, பிள்ளைகளை ஒரு பார்வை பார்த்தார். "டிவிக்கு ஒண்ணுமில்லம்மா. இதுங்களத்தான் கழட்டிப் பாக்கணும்." அவர் சைக்கிள் தெருமுனை தாண்டுவதற்குள் வானம் மறுபடி பச்சை. எத்தனை விடுமுறைகள் அந்தப் பச்சை வானத்தின் கீழே போயின.

ஆட்டம் தொடங்கியது. கேப்டன் என்று அவர்கள் கூப்பிடுகிறவன் அவன் மொழியில் அதட்டிக்கொண்டே முன்னால் ஓடினான். எதிரணியில் எவனோ பேசியது காதில் விழுந்தது. பேச்சின் இழுவையிலேயே தெரிந்தது, நம் பக்கத்து ஆள். கேப்டன் மூக்கை உறிஞ்சுவதுபோலச் சத்தம் செய்து, இவர்கள் வந்தால் ஹெட்போன் வழியாகக்கூட நாற்றம் அடிக்கிறது என்றான். மற்ற இருவரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான்.

அவளுக்கு அந்தச் சிரிப்புதான் சுருக்கென்றது. சுண்டு சிரித்தால் மூச்சு முட்டி விக்கல் வரும். இது யாரோ இரவல் கொடுத்த சிரிப்பு. விக்கலே இல்லை.

ஆற்றங்கரையில் உடைந்த சுவர் ஒன்றின் பின்னால் தம்பி பதுங்கியிருந்தான். அவனுக்கு முதுகுப்புறம் ஒருவன் ஊர்ந்து வருவது மேட்டிலிருந்த அவளுக்கு மட்டும் தெரிந்தது. அவள் துப்பாக்கிக்கு எட்டாத தூரம். எழுதி அனுப்ப நேரமில்லை.

"சுண்டு, பின்னாடி பாரு."

அவன் திரும்பினான், சுட்டான், பிழைத்தான்.

கேப்டன்தான் முதலில் பேசினான். என்ன பாஷை அது? நீதானே இவளைக் கூட்டிவந்தாய், இவள் உனக்கு யார்?

அவள் விரல் வெளியேறும் பொத்தான்மேல் இருந்தது. அழுத்தினால் போதும். யாரோ தெரியவில்லை, வழியில் பிடித்த ஆள் என்று சொல்லித் தம்பி தப்பித்துக்கொள்வான். அப்படி அவன் சொல்வதைக் கேட்காமலிருக்கவும் அதுதான் வழி. ஆனால் விரல் அழுந்தவில்லை. சொல்லட்டுமே, காதால் கேட்டுவிடலாம் என்று ஒரு வீம்பு.

தம்பியின் பெயருக்குப் பக்கத்தில் மைக் விளக்கு எரிந்தது. அவன் வீட்டு ஃபேன் சுற்றுவது கேட்டது.

"அக்கா," என்றான். எல்லோருக்கும் கேட்கிற லைனில். "இருக்கியா?"

"இருக்கேண்டா."

"எந்தப் பக்கம் போகணும், சொல்லு."

"ஆத்தைத் தாண்டு. நான் மேல இருந்து பாத்துக்கிறேன்."

கேப்டன் ஏதோ சொன்னான், இரண்டாமவன் அதைவிட மோசமாக ஏதோ சொன்னான். திரையில் அவர்கள் இரண்டு பேர் பெயரும் ஒன்றன்பின் ஒன்றாக மங்கி மறைந்தது. மூன்றாமவன் பேசவில்லை, போகவுமில்லை. தம்பி தண்ணீரில் இறங்கி நடந்தான். அவள் மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்குப் பின்னால் கரையில் அந்த மூன்றாமவன் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு, கால் நனையுமிடம் வரை வந்து நின்றான்.