எரிந்த செம்புக்கும் வரி

எரிந்த மோட்டாருக்குப் புதிதாகக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டும் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. எரிந்துபோன பழைய செம்புக் கம்பி கட்டுகிறவனுக்கே சொந்தம். மோட்டார்க்காரர் கேட்க மாட்டார், கட்டுகிறவரும் வாய் திறக்க மாட்டார். மாதக் கடைசியில் அது பழைய இரும்புக் கடைக்குப் போய், பில் இல்லாத பணமாகத் திரும்பி வரும். அந்தப் பணத்தையும் வருமான வரிக் கணக்கில் காட்டியவர் ஊரிலேயே ஒருவர்தான். தெருவில் அவருக்குப் பெயர் சந்தேகம்.

பெயர் சும்மா வரவில்லை. மருந்துக் கடையில் மாத்திரையை எண்ணி வாங்குவார். வங்கியில் இயந்திரம் எண்ணிய நோட்டை அங்கேயே மறுபடி எண்ணுவார். படிப்பு ஐந்தாவதோடு நின்றதால் படித்தவர்கள் மேல் கூடுதல் சந்தேகம். பெற்ற மகள் வரிப் படிவம் நிரப்பினாலும், ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்பார்.

வரி ஆபீஸிலிருந்து வந்த நோட்டீஸையும் அந்த மகள்தான் படித்தாள். பழைய செம்பு என்று காட்டிய வரவுக்கு பில் இல்லை; இதே தொழில் செய்யும் வேறு யாரும் அப்படிக் காட்டவில்லை; நேரில் வந்து விளக்கம் தரவும்.

"எங்கேயோ வந்த பணத்தைச் செம்புன்னு எழுதி மறைக்கிறீங்கன்னு நினைக்கிறாங்கப்பா."

காயில் சுற்றும் கைப்பிடி நின்றது. "அப்போ என்னைத் திருடன்கிறாங்க."

செய்திக்குக் கால் முளைக்க வெகுநேரம் ஆகவில்லை. சாயங்காலமே காயில் கட்டுகிறவர்கள் சங்கத்தின் தலைவர் வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

"அண்ணே, கை தவறி எழுதிட்டேன்னு சொல்லிடுங்க. அபராதம் வந்தா சங்கம் பார்த்துக்கும்."

"கை தவறலையே."

"நீங்க ஒரு ஆள் வாயை விட்டா, நாளைக்கு நம்ம முப்பது கடை வாசல்லயும் வரிக்காரங்க வந்து நிப்பாங்க. ஊரோட ஒத்துப் போங்கண்ணே."

"ஒத்துப் போறவனுக்கு சந்தேகம்னு பேர் வைப்பாங்களாடா?"

தலைவர் எழுந்தார். "அப்புறம் உங்க இஷ்டம். சங்க விலைக்குக் கம்பியும் கிடைக்காது, வார்னிஷும் கிடைக்காது. பார்த்துக்குங்க."

குறித்த நாளில் மகள் கூட வரக் கிளம்பினாள். "நீ வேண்டாம். படிச்சவங்க ரெண்டு பேர் பேசிக்கிட்டா எனக்கு ஒண்ணும் புரியாது" என்று சொல்லிவிட்டு, ஒரு சாக்கு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

அதிகாரிக்கு மகள் வயதுதான் இருக்கும். "சொல்லுங்க ஐயா" என்றார். சந்தேகம் மூட்டையை மேசைமேல் கவிழ்த்தார். கருகிய கம்பித் துண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். ஒவ்வொன்றிலும் அட்டைத் துண்டு. அதில் கோழி கிறுக்கியது போலத் தேதி, யார் மோட்டார், எத்தனை கிலோ.

"இரும்புக் கடைக்காரன் எடையில அடிப்பான்மா. அதுக்காக ஒவ்வொரு மோட்டார் செம்பையும் நானே நிறுத்து எழுதி, விக்கிறதுக்கு முன்னாடி ஒரு சாண் வெட்டி அதோட கட்டி வச்சுக்குவேன்."

"இதெல்லாம் நேத்து உட்கார்ந்துகூட எழுதியிருக்கலாமே?"

சந்தேகத்தின் முகம் அன்று முதல்முறையாக மலர்ந்தது. நம்மள மாதிரியே சந்தேகப்படுதே இந்தப் பொண்ணு என்று நினைத்துக்கொண்டார். "நல்லா கேட்டீங்க. அப்போ இதை நம்பாதீங்க. நான் புதுக் கம்பி வாங்கின பில் எல்லாம் உங்க கோப்புல இருக்கு, கூட்டிப் பாருங்க. எத்தனை கிலோ உள்ளே போச்சோ, ஏறக்குறைய அத்தனை கிலோ வெளியே வந்தாகணும். மோட்டாருக்குத் தொப்பை போடாது."

அதிகாரி சிரிக்காமல் கூட்டினார். இரண்டு முறை கூட்டினார். அட்டைகளைப் புரட்டிய கை ஒன்றில் நின்றது: வரி ஆபீஸ், தண்ணி மோட்டார், மூணே கால் கிலோ.

"இது எங்க மோட்டாரா?"

"ஆமா. போன கோடையில எரிஞ்சது. அந்தச் செம்பையும் நான்தான் வித்தேன், அதுக்கும் வரி கட்டியிருக்கேன்."

அலுவலகக் கோப்பு வந்தது. தேதி சரியாக இருந்தது. புதுக் கம்பியின் எடையும் மூன்றேகால்.

அதிகாரி பேனாவை வைத்தார். "அப்போ மத்த கடைக்காரங்க?"

"என் கணக்கை என்னைக் கேளுங்க. அவங்க கணக்கை அவங்களைக் கேளுங்க. காட்டிக் குடுக்கவும் வரல, பொய் சொல்லவும் வரல."

"அவங்க யாரும் காட்டாதப்போ நீங்க மட்டும் ஏன் ஐயா? அரசாங்கத்து மேல அவ்வளவு நம்பிக்கையா?"

"நம்பிக்கையா? ஒரு ஆளையும் நம்ப மாட்டேன்மா. ரோட்டுல குழி, ஆஸ்பத்திரியில டாக்டரைக் காணோம். போய் நாலு வார்த்தை கேக்கணும்ல? பங்கு குடுக்காதவன் எந்த வாயால கேப்பான்?"

விளக்கம் ஏற்கப்பட்டது என்று அதிகாரி எழுதினார். படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, முத்திரை விழுந்த பிறகுதான் சந்தேகம் எழுந்தார்.

வெளி வாசலில் தலைவர் நின்றிருந்தார். "சொல்லிட்டீங்களா?"

"என் கதையைச் சொல்லிட்டேன். உன் கதையைக் கேட்டாங்க, உன்னையே கேக்கச் சொன்னேன்."

"சங்கத்தை மறந்துடுங்கண்ணே."

"மறக்கிறேன். உங்க சங்கக் கணக்கைத்தான் ஒருநாள் பார்க்கணும்னு இருந்தேன், தப்பிச்சீங்க."

இனி கம்பிக்குக் கூடுதல் விலை. கிலோவுக்கு எவ்வளவு கூடும் என்று மனதில் போட்டுக்கொண்டே திரும்பியவர் காதில் தண்ணீர்ச் சத்தம் விழுந்தது. அலுவலகத்து மாடித் தொட்டி நிரம்பிச் சுவரில் வழிந்துகொண்டிருந்தது. கீழே மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. காவலாளி செல்போனில் மூழ்கியிருந்தார். சந்தேகம் நேரே போய் சுவிட்சை அணைத்தார்.

"யோவ் பெரியவரே, அது கவர்மென்ட் மோட்டாருய்யா. கை வைக்காதே."

"தெரியும்" என்றார், காலிச் சாக்கை உதறித் தோளில் போட்டபடி. "அதுல எனக்குப் பங்கு இருக்கு. இன்னொரு தடவை தண்ணி வழிஞ்சுது, வந்து கேப்பேன்."