மூன்றடிக்கு மேலே

ராக்காயிக்குத் தன் கையையே வெட்டிப் போடலாம் போலிருந்தது. யார் அடிக்கச் சொன்னார்கள் சுண்ணாம்பு? அதுவும் மூன்று பூச்சு!

தேயிலைத் தோட்டத்துப் பழக்கம் அப்படி. வெளியிலிருந்து உத்தியோகத்தர் யாராவது வருகிறார் என்று காதில் விழுந்தால் போதும், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவர் முதல் கக்கூஸ் வரை வெள்ளையாகிவிடும். ஆற்றங்கரைப் பிள்ளைக்காம்பராவைப் பார்க்க ஆள் வருகிறார் என்றதும், அங்கே பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் ஆயாவான ராக்காயி ஒரு நாள் முழுக்க நின்று பூசினாள். போன ஆனி மாதத்து வெள்ளம் சுவரில் விட்டுப்போன சேற்றுக்கறை இம்மியும் தெரியாமல் மறைந்தது. அழுக்குச் சுவரைக் காட்டினால் மானம் போகாதா?

வந்தவரோ அந்தக் கறையைத்தான் பார்க்க வந்திருந்தார்.

“தண்ணி ஏறின அடையாளம் எங்கை?” என்றார் கட்டட இன்ஸ்பெக்டர் தம்பிஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். “ஆத்தங்கரையில கட்டிறதுக்கு இப்ப புதுச் சட்டம் இருக்கு. மூண்டடிக்கு மேல வெள்ளம் ஏறின இடத்தில திருப்பிக் கட்டேலாது. மேட்டிலதான் கட்ட வேணும்.”

மேட்டில் தேயிலை நின்றது, நல்ல கொழுந்து கொடுக்கிற மலை. அதைப் பிடுங்கத் தோட்டத்தை நடத்தும் துரைக்கு மனசு வருமா? பழைய இடத்திலேயே இடித்துக் கட்டிவிட வேண்டும் என்பது துரையின் எண்ணம். அதைச் சுமந்துகொண்டுதான் வேலையை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு சிவசாமி கூட வந்திருந்தார்.

“முழங்கால் தண்ணிதாங்க வந்துச்சு,” என்றார் அவர், கூசாமல்.

“ஐயோ, அடுக்குமாங்க!” என்று ராக்காயி பதறினாள். “கழுத்து வரைக்கும் வந்துச்சுங்க. நான் உள்ள நின்னேன்.”

சிவசாமி சிரித்தார். “அப்படித்தாங்க சொல்லுவா. அன்னைக்கு ஒரு புள்ளைய ஆத்தோட விட்டுட்டா. முழங்கால் தண்ணியில விட்டுட்டான்னு பேரு வந்துருமில்ல?”

ராக்காயி ஓடிப்போய்க் கத்தியை எடுத்துச் சுவரைச் சுரண்டினாள். சுண்ணாம்போடு சேர்ந்து கறையும் மண்ணும் பொடிப்பொடியாக உதிர்ந்ததே தவிர, கோடு வரவில்லை.

“அடையாளம் இல்லாட்டி, கண்ட சாட்சி வேணும் அம்மா,” என்றார் தம்பிஐயா. “ஆரும் இருக்கினமோ?”

இருந்தாள் ஒருத்தி. பால்கொடுக்கும் தாய்மார் பத்து மணிக்கு மலையிலிருந்து இறங்கி வருவார்கள். வெள்ளம் வந்த அன்றைக்கு மாரில் பால் கட்டிக்கொண்டதால் மற்றவர்களுக்கு முன்னால் ஓடி வந்தவள் மீனம்மா. அக்கரையில் நின்று, திறந்த வாசல் வழியே எல்லாவற்றையும் பார்த்தவள் அவள் மட்டும்தான். ஆற்றோடு போனதும் அவள் பிள்ளைதான். அன்றிலிருந்து ராக்காயியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எந்த முகத்தோடு போய்க் கூப்பிடுவது?

ஆனாலும் போனாள். காம்பராவுக்குள் பதினோரு பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. அடுத்த ஆனி வராமலா போகும்?

மூச்சிரைக்க மலையேறி, மீனம்மா கொழுந்தெடுக்கும் நிரையில் போய் நின்றாள்.

“எனக்காக வர வேணாம் மீனம்மா. என்னைய எப்பவும் மன்னிக்க வேணாம். கீழ கெடக்குற புள்ளைங்களுக்காக வந்து, நீ கண்டதை மட்டும் சொல்லு.”

மீனம்மா நிமிரவில்லை. கை கொழுந்தைக் கிள்ளிக் கூடைக்குள் போட்டபடியே இருந்தது. ராக்காயி தனியாகவே இறங்கினாள்.

பாதி வழியில் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கப் பயந்துகொண்டே நடந்தாள்.

மீனம்மா கூடையோடு வந்து தம்பிஐயாவின் முன்னால் நின்றாள். சிவசாமியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ராக்காயியின் தோளைப் பிடித்து, அந்த வெள்ளைச் சுவரோடு சேர்த்து நிறுத்தினாள்.

“கழுத்து இல்லைங்க,” என்றாள். ராக்காயியின் உதட்டுக்கு நேரே சுவரில் விரலை வைத்தாள். “இது வரைக்கும். இவ வாய்க்குள்ள தண்ணி போனதை நான் பாத்தேன். அன்னைக்கு உள்ள இருந்த மூணு புள்ளையில ரெண்டை ரெண்டு கையிலயும் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சிருந்தா.”

தம்பிஐயா விரலிருந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டார்.

“மூணாவது எம்புள்ளங்க,” என்றாள் மீனம்மா. “அதைப் புடிக்க அவளுக்குக் கை ஏதுங்க?”

ராக்காயி சுவரோடு சரிந்து உட்கார்ந்து, ஒரு வருசத்து அழுகையையும் அங்கேயே அழுதாள். மீனம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.