முதலில் தண்ணீர் ஊற்றியவர்

ஆறு வருடம் நான் குழந்தை வளர்ப்புப் படிப்பித்தேன். அதன்பிறகு ஏழு மாதம் ஒரு குழந்தையை வளர்த்தேன். இரண்டுக்கும் ஒரு சொந்தமும் இல்லை என்பதை எனக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கக்கூடிய பெண்கள் யாழ்ப்பாணத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

பள்ளிக்கூடத்து மனையியல் அறையில் ஒரு ரப்பர் பொம்மை இருந்தது. அதை வைத்துத்தான் எல்லாம் படிப்பித்தேன். முழங்கையால் தண்ணீரின் சூடு பார்ப்பது, பிடரியைத் தாங்கிக் குளிப்பாட்டுவது, காய்ச்சலில் வலிப்பு வந்தால் பக்கவாட்டில் கிடத்தி, உடுப்பைத் தளர்த்தி, பதறாமல் நேரத்தைக் குறித்துக்கொள்வது. 'பதறாமல்' என்பதன் கீழே கோடு போடச் சொல்வேன். பொம்மை ஒருநாளும் என்மேல் பாலைச் சத்தி எடுத்ததில்லை. பிள்ளைகளின் கொப்பிகளும் வெகு சுத்தமாக இருந்தன.

என் மகன் தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு தை மாதம் பிறந்தான். பிறப்புச் சான்றிதழில் பெயர் எழுதும் இடத்தில் ஒரு கோடுதான் இருந்தது. காரணம் இதுதான். நான் உடுவிலில் புரட்டஸ்தாந்து மிஷன் குடும்பத்தில் பிறந்தவள். என் கணவர் சிமியோன் குருநகர்க் கத்தோலிக்கர். நாங்கள் இருவரும் விரும்பிக் கலியாணம் செய்ததை இரண்டு பக்கமும் எப்படியோ பொறுத்துக்கொண்டன. ஆனால் பிள்ளைக்கு எந்தக் கோயிலில் ஞானஸ்நானம், என்ன பெயர் என்ற கேள்வி வந்ததும் இரண்டு பக்கமும் பொறுமையை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டன.

என் அப்பா ஜெபரட்ணம், ஓய்வுபெற்ற தபாலதிபர். கடிதம் உரிய விலாசத்துக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதில் முப்பத்தைந்து வருடம் கண்டிப்பாக இருந்தவர். பிள்ளை 'நேசையா' என்ற தன் தகப்பனாரின் பெயரோடு எங்கள் ஆலயத்துக்குத்தான் போகவேண்டும் என்பது அவர் கட்சி. மறுகட்சி சிமியோனின் அக்கா பெர்னடெட். குருநகரில் ஷெல் விழுந்து வீடு போனபின், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு 'பிள்ளையின்ரை முப்பத்தொண்டாம் நாள் கழியுமட்டும்' என்று வந்த மச்சாள், ஏழு மாதமாகியும் போகவில்லை. நல்லகாலம் போகவில்லை. சவர்க்காரம் கண்ணால் காணக் கிடைக்காத அந்த வருடத்தில் பிள்ளையின் சீலைகளைச் சாம்பல் போட்டு அவித்து வெளுத்தது அவள்தான். அவளுக்குப் பிள்ளை 'அந்தோனி'. நானும் சிமியோனும் சண்டைக்குப் பயந்து 'தம்பி' என்றே கூப்பிட்டோம்.

ஆவணியில் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. பல்லுக் காய்ச்சல் என்றாள் மச்சாள். இரண்டாம் நாள் வயிற்றாலும் போகத் தொடங்கியது. நான் பாடப்புத்தகம் ஆகிவிட்டேன். ஆறவைத்த தண்ணீர், அளந்து கரைத்த ஜீவனி உப்புத்தூள், கால் பனடோல், மணிக்கொரு தடவை உடம்புச் சூடு. எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் நிரல் போட்டு எழுதினேன். சிமியோன் அதைப் பார்த்துவிட்டு, "உனக்கு இதுக்குப் புள்ளி போடுறது ஆர்?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கேள்வியையும் எழுதிவைத்திருக்கலாம்.

புதன்கிழமை காலை சிமியோன் வேலைக்குப் போய்விட்டார். மச்சாள் சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றாள். பதினொரு மணியிருக்கும். என் மடியில் கிடந்த தம்பி திடீரென்று விறைத்தான். கண் மேலே செருகியது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. உதடு நீலமாகியது.

பக்கவாட்டில் கிடத்தவில்லை. உடுப்பைத் தளர்த்தவில்லை. நேரம் பார்க்கவில்லை. நான் பதறினேன் என்று சொன்னாலும் அது குறைத்துச் சொன்னதாகத்தான் இருக்கும். என் தலைக்குள் ஒரேயொரு விஷயம் இருந்தது: இவன் போகிறான், பெயர்கூட இல்லாமல் போகிறான். ஜீவனி கரைக்க ஆறவைத்திருந்த செம்புத் தண்ணீரை எடுத்து அவன் தலையில் ஊற்றினேன். "தம்பி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். கேட்க ஒருவரும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் வலிப்பு நின்றது. அவன் தளர்ந்து, பிறகு வீரிட்டு அழுதான். அதைவிட இனிமையான சத்தத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை.

வாசலுக்கு ஓடினேன். மச்சாள் எண்ணெய் கிடைக்காமல் வெறுங்கானுடன் சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. கானை வேலிக்குள் எறிந்துவிட்டு, "ஏறு" என்றாள். நான் பிள்ளையோடு கரியரில் ஏறினேன். ஐம்பது வயதுப் பெண், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பலாலி வீதி முழுக்க அந்தோனியாரைக் கூப்பிட்டுக்கூப்பிட்டு மிதித்தாள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் பிள்ளையைப் பார்த்துவிட்டு, காய்ச்சல் வலிப்புத்தான், பயமில்லை, இரண்டு நாள் இருந்து போகலாம் என்றார்.

"வலிப்பு வந்த நேரம் என்ன செய்தனீங்கள்?"

"பக்கவாட்டிலை கிடத்தினன். உடுப்பைத் தளர்த்தினன்."

"எவ்வளவு நேரம் இழுத்தது?"

"மூண்டு நிமிசம்."

"வெரி குட். எல்லாத் தாய்மாரும் உங்களைப்போல இருந்தால் எங்களுக்கு வேலையில்லை" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்துக் கட்டில் தாய் அதை அடக்கம் என்று நினைத்து என்னை மரியாதையாகப் பார்த்தாள்.

மாலை அப்பா உடுவிலிலிருந்து சைக்கிளில் வந்து சேர்ந்தார். வந்ததும் வராததுமாக, "நீ போய் ஏதும் சாப்பிட்டிட்டு வா. நான் பாக்கிறன்" என்றார். பிள்ளை பக்கம் பத்து நிமிடம் தனியாக இருக்க ஒருநாளும் சம்மதியாத மனிதர். நான் திரும்பி வந்தபோது தம்பியின் நெற்றியும் முடியும் நனைந்திருந்தன. "வேர்க்குது பிள்ளை. காய்ச்சல் விடுறதுக்கு அறிகுறி" என்றார். நான் கொப்பியில் எழுதினேன்: பி.ப. 4.10, வியர்வை.

அடுத்தநாள் விடிய நான் முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தால் மறுபடியும் வியர்வை. மச்சாள் சின்னப் போத்தல் ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள். அதையும் எழுதினேன். டொக்டர் கொப்பியைப் பார்த்து, "நல்லா வேர்த்திருக்கு" என்று திருப்திப்பட்டார். மனையியல் ஆசிரியையின் மூளை அந்த இரண்டு நாளும் எங்கே மேய்ந்துகொண்டிருந்ததென்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து ஒரு கிழமைக்குப் பிறகு, ஞாயிறு பின்னேரம், பங்குச் சுவாமி வந்தார். பிள்ளை சுகமாகிவிட்டான், இனியாவது நாள் குறிப்போம் என்று மச்சாள்தான் அழைத்திருந்தாள். அதைக் கேள்விப்பட்ட அப்பாவும் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிட்டார். எல்லோருக்கும் வெறுந்தேத்தண்ணி கொடுத்தேன். சிமியோன் தன் கோப்பையோடு கதவடியில் நின்றார். தம்பி மச்சாளின் மடியில் இருந்து அவள் செபமாலையைச் சப்பிக்கொண்டிருந்தான்.

சுவாமி வழமையான கேள்வியாகத்தான் கேட்டார். "ஆஸ்பத்திரியிலை வைச்சு ஆரும் அவசர ஞானஸ்நானம் ஏதும் குடுத்தனீங்களோ?"

மச்சாள் நிமிர்ந்தாள். "ஓம் சுவாமி. நான் குடுத்தனான். வியாழன் விடிய. மடு மாதா கோயில் தீர்த்தத்தாலை."

அப்பா தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் என் கலியாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை. "மன்னிக்கவேணும். நான் புதன்கிழமை பின்னேரம் நாலு பத்துக்குக் குடுத்திட்டன். தண்ணி ஊத்தி, திரியேக நாமத்திலை. பேர் நேசையா."

நாலு பத்து. என் கொப்பிக் கணக்கு அவ்வளவு சரியாக இருந்தது.

சுவாமி இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "சாகக்கிடக்கிற பிள்ளைக்குத்தான் வீட்டிலை உள்ளவை ஞானஸ்நானம் குடுக்கலாம். டொக்டர் பயமில்லை எண்ட பிறகு என்ன அவசரம்?"

அப்பா கோப்பையைத் திரும்ப எடுத்தார், மச்சாள் செபமாலையைப் பிள்ளையின் வாயிலிருந்து இழுத்தாள்.

"சரி, குடுத்தது குடுத்ததுதான். ஒருக்காத்தான் குடுக்கலாம். ஐயா முந்திக் குடுத்திருந்தால் அதுதான் செல்லும். நான் திரும்பக் குடுக்கேலாது" என்றார் சுவாமி.

அப்பா கால்மேல் கால் போட்டுக்கொண்டார். மச்சாள் சத்தம்போட்டு அழவில்லை. கண்ணீர் மட்டும் தம்பியின் தலையில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் பேசாமல் இருந்திருக்கலாம். என் பக்கம் வென்றிருக்கும், என் மானமும் தப்பியிருக்கும். ஆனால் பலாலி வீதி முழுக்க என்னையும் பிள்ளையையும் சுமந்து மிதித்த அந்த முதுகு இப்போது குனிந்து குலுங்கியது. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"சுவாமி, அதுக்கு முந்தியே நடந்திட்டுது" என்றேன். "புதன் பதினொரு மணிக்கு. வலிப்பு வந்த நேரம். நான்தான்."

அப்பா காலை இறக்கினார்.

"தண்ணி ஊத்தினீங்களோ பிள்ளை?" என்றார் சுவாமி.

"ஓம்."

"என்ன பேர் சொன்னீங்கள்?"

"தம்பி எண்டு."

"தம்பியோ!" அப்பாவுக்குக் கோபம் பொங்கிவிட்டது. "அது ஒரு பேரோ? உனக்கென்ன அவசரம்? காய்ச்சல் வலிப்பிலை பிள்ளையள் சாகிறேல்லை எண்டு ஊருக்கெல்லாம் படிப்பிச்சது நீதானே?"

"செத்துப்போறான் எண்டுதான் நினைச்சன், அப்பா. வேறை ஒண்டும் நினைக்கேல்லை."

சொல்லிவிட்டேன். இந்தப் பத்து நாளும் நான் ஒளித்தது தண்ணீர் ஊற்றியதை அல்ல, இதைத்தான். அவர்கள் இருவரும் அவன் பிழைப்பான் என்று தெரிந்துகொண்டு, வாழ்க்கை முழுக்கத் தங்கள் பக்கம் வைத்திருப்பதற்காக ஊற்றினார்கள். பெற்றவள் நான் ஒருத்திதான் அவனை வழியனுப்புவதற்காக ஊற்றியவள். ஒரு தாய் தன் பிள்ளையைக் கைவிட எவ்வளவு நேரம் எடுக்கும் என்று யாரும் கேட்டால், மூன்று நிமிடம்கூட வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியும். வெட்கத்தில் எனக்கு உடம்பு கூசியது.

சுவாமி தொண்டையைச் செருமினார். அடுத்து, சொன்ன வசனம் சரியா, பெயர் செல்லுமா என்று விசாரணை தொடரும் என்று எதிர்பார்த்தேன்.

கதவடியில் நின்ற சிமியோன் என் பக்கம் ஓரடி வந்தார். என்னையே பார்த்துக்கொண்டு கேட்டார்:

"அந்த நேரம் நீ தனியவோ நிண்டனீ?"

டொக்டர் கேட்காத கேள்வி அது. நானும் என்னைக் கேட்டிருக்கவில்லை. 'ஓம்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. மூக்கு ஒழுகி, மூச்சு இழுத்து, சுவாமியின் முன்னால் ஓவென்று அழுதேன். பெர்னடெட் மச்சாள் பிள்ளையைத் தூக்கி அப்பாவின் மடியில் வைத்துவிட்டு எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.